ஹால் கம்ப்யூட்டரில் ஓர் ஒற்றன்

எங்கள் அபிராமபுரத்து ஃப்ளாட்களில் பூட்டுக்குக் குறைச்சலே இல்லை. வாசலில் வாட்ச்மேன், மாடிப்படியில் காமிரா, கதவுக்கு வெளியே இரும்புக் கிராதி, உள்ளே பீரோ. இது போதாதென்று நகையில் பாதி பாங்க் லாக்கரில் தூங்குகிறது. ஆனால் மாதாந்திரப் பணம் எங்கே இருக்கிறது? ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிற கம்ப்யூட்டரில்! இல்லாவிட்டால் சமையலறை மேடையில், தோசைமாவுப் பாத்திரத்தின் அருகே கிடக்கிற செல்போனில்!

கரண்ட் பில், ஸ்கூல் ஃபீஸ், காஸ் சிலிண்டர், மாமியாருக்குப் பென்ஷன் வந்ததா என்று பார்ப்பது, எல்லாம் இன்று பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. வேலையை ஒப்படைத்தவர்கள் அதற்கு வேண்டிய ஜாக்கிரதையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்களா என்றால், இல்லை. ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய எனக்கே புரிகிற விஷயம்தான் இது. அதனால் தைரியமாகப் படியுங்கள்.

வைரஸ் என்றால் காய்ச்சல் மாதிரி. கம்ப்யூட்டர் படுத்துவிடும், நமக்கும் தெரிந்துவிடும். ஸ்பைவேர் என்பது அப்படி இல்லை. அது ஒற்றன். வந்த சுவடே தெரியாமல் உட்கார்ந்து கொண்டு, நாம் கீபோர்டில் தட்டுகிற ஒவ்வோர் எழுத்தையும் குறித்து, எங்கேயோ இருக்கிறவனுக்கு அனுப்பிக் கொண்டிருக்கும். திரையில் பாஸ்வேர்டு வெறும் புள்ளிகளாகத் தெரிகிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம். ஒற்றனுக்கு அந்தப் புள்ளி வேண்டாம், நம் விரல் எதைத் தொட்டது என்று தெரிந்தால் போதும். இதற்காகத்தான் சில பாங்குகள் திரையிலேயே ஒரு கீபோர்டு காட்டி, மௌஸால் அழுத்தச் சொல்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் திரையையே படம் பிடித்து அனுப்புகிற ஒற்றனும் உண்டு என்பதால், அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

இவன் சுவரேறிக் குதித்து வருவது அபூர்வம். நம் வீட்டில் யாராவது ஒருவர்தான் கதவைத் திறந்து விடுகிறோம். காசு கொடுத்து வாங்க வேண்டிய கேம்ஸைப் பையன் ஓசியில் இறக்குகிறான் பாருங்கள், அதோடு ஒட்டிக் கொண்டு வருவான். "உங்கள் கம்ப்யூட்டரில் ஆபத்து! உடனே இங்கே அழுத்துங்கள்" என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும் கட்டத்தின் வழியாக வருவான். செல்போனில் வருகிற வழி இன்னும் சாமர்த்தியமானது. கல்யாணப் பத்திரிகை வேஷம்! 2024 கடைசியில் ஹிமாசலப் பிரதேச போலீஸார் இது பற்றி எச்சரித்தார்கள். வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் மாதிரி ஒன்று வரும். பெயரின் கடைசியில் பார்த்தால் ஏ.பி.கே. என்று மூன்று எழுத்து இருக்கும். அது படமும் இல்லை, பத்திரிகையும் இல்லை. போனில் குடியேறத் துடிக்கும் ஒரு ஆப்.

எங்கள் கட்டிடத்தில் ஒரு மாமிக்கு அது வந்தது. எழுபது வயது, தனியாக இருக்கிறார், பிள்ளை வெளிநாட்டில். வந்ததோ சொந்தக்காரப் பையனின் நம்பரிலிருந்து. (அவன் போனை ஏற்கெனவே பிடித்துவிட்ட ஒற்றன்தான் அதிலிருந்த எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான்.) மாமி தொட்டார். 'இன்ஸ்டால் செய்யவா?' என்றது, சரி என்றார். 'மெசேஜ்களைப் படிக்கலாமா?' என்றது, அதற்கும் சரி. பத்திரிகை மட்டும் திறக்கவே இல்லை. சாயந்திரம் போனை எடுத்துக் கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏண்டிம்மா, யாருக்குக் கல்யாணம்னு கொஞ்சம் பாரேன். எனக்குத் தெறக்கவே மாட்டேங்கறது."

அதற்குள் கணக்கிலிருந்து 22,000 ரூபாய் போயிருந்தது. ஓ.டி.பி. வந்த சத்தம்கூட மாமிக்குக் கேட்கவில்லை. வந்தவுடன் ஒற்றனே படித்து அனுப்பிவிட்டான்.

முதலில் அந்தப் போனின் டேட்டா, வைஃபை இரண்டையும் அணைத்தோம். என் போனிலிருந்து 1930-க்குப் பேசினோம். இது சைபர் மோசடிக்கென்றே மத்திய அரசு வைத்திருக்கும் எண். அடுத்தது பாங்க், கணக்கை நிறுத்தச் சொன்னோம். பாஸ்வேர்டையும் பின் நம்பரையும் வேறு போனிலிருந்து மாற்றினோம். என் பையன் அந்த ஆப்பை எடுத்துவிட்டு, போனையே முழுக்கத் துடைத்துப் புதிதாக்கினான். 14,000 ரூபாய் போகிற வழியில் முடக்கப்பட்டு, சில வாரம் கழித்துத் திரும்பி வந்தது. மீதி போனது போனதுதான்.

மாமி அன்று ராத்திரி அழுதது பணத்துக்காக இல்லை. பிள்ளை போனில், "உனக்கு எதுக்கும்மா இந்த ஆப், பாங்க் எல்லாம்? வெச்சுக்கத் தெரியலேன்னா விட்டுடேன்" என்று சொன்னானாம். எனக்குச் சுரீரென்றது. பெரிய படிப்புப் படித்த அதிகாரிகளும்தான் ஏமாறுகிறார்கள். அவர்களிடம் யாராவது போனைப் பிடுங்கிக் கொள்கிறார்களா? இப்படித் திட்டினால், அடுத்த தடவை மாமி யாரிடமும் வாய் திறக்க மாட்டார். இந்தத் திருட்டில் மணிக்கணக்கு அல்ல, நிமிஷக்கணக்கு. வெட்கப்பட்டு மறைக்கிற நேரம்தான் திருடனுக்கு லாபம்.

சட்டமும் சீக்கிரம் சொன்னவர் பக்கம்தான் சாய்கிறது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவைப் பாருங்கள். தப்பு பாங்கிலும் இல்லாமல், நம்மிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், 3 வேலை நாளுக்குள் பாங்கிடம் சொன்னவருக்கு நஷ்டம் கிடையாது. நம் கவனக்குறைவாகவே இருந்தாலும், புகார் கொடுத்த பிறகு போகிற பணம் பாங்கின் பொறுப்பு.

அதற்கு முன்பே நம் ஊரில் ஒருவர் துணிந்து போராடியிருக்கிறார். தூத்துக்குடிக்காரர், அபுதாபியில் வேலை. 2007-ல் பாங்கிலிருந்து வந்தது போன்ற ஈ-மெயிலை நம்பி விவரம் கொடுத்ததில் அவருக்கு 6.46 லட்சம் ரூபாய் போயிற்று. அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்பது பாங்கின் வாதம். அவர் விடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி சென்னையில் மாநில ஐ.டி. செயலாளர் முன் வழக்கு நடந்தது. 2010 ஏப்ரலில், ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்க் அவருக்கு 12.85 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. மாமியிடம் இதைச் சொன்னபோது, "அவரை யார் திட்டினா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் இப்போது சில வழக்கங்கள். ஹால் கம்ப்யூட்டரில் பாங்குக்கென்று தனியாக ஒரு யூசர் கணக்கு, அதில் கேம்ஸ், சினிமா, ஈ-மெயில் எதுவும் நுழையக் கூடாது. வெறும் மடி சமாசாரம்தான், சிரிக்காதீர்கள்! பிள்ளைகளின் கணக்கில் புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்ய என் பாஸ்வேர்டு வேண்டும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்டின் வழக்கமான பாதுகாப்பு முடிந்துவிட்டது. அதில் ஓடுகிற பழைய பெட்டி உங்களிடம் இருந்தால், எழுதப் படிக்க வைத்துக் கொள்ளுங்கள், பாங்க் வேலைக்கு வேண்டாம். விண்டோஸோடு கூடவே வருகிற டிஃபெண்டர் காவலை யாரும் அணைக்காமல் பார்த்துக் கொண்டாலே பாதி கவலை தீரும். காசு கொடுத்து வாங்குவதானால், நம் சென்னையிலேயே 1991-ல் ஆரம்பித்த கே7 கம்பெனியின் ஆன்டிவைரஸ்கூட இருக்கிறது.

பாங்கின் விலாசத்தையும் கவனியுங்கள். 2025-ல் ரிசர்வ் வங்கி சொன்னபடி, இந்திய பாங்குகளின் வெப்சைட் பெயர் '.பாங்க்.இன்' என்று, ஆங்கில எழுத்தில், முடிய வேண்டும். மெசேஜில் வரும் லிங்க்கைத் தொடாமல், நாமே தட்டிப் போவதுதான் நல்லது. "உதவி செய்கிறேன், எனி டெஸ்க் ஆப்பைப் போடுங்கள்" என்று யாராவது இனிக்க இனிக்கப் பேசினால் போனை வைத்துவிடுங்கள். அந்த ஆப் போனை அப்படியே அவன் கண்ணுக்கும் கைக்கும் கொடுத்துவிடும். ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்த விஷயம் இது.

போனோடு சேர்த்திருக்கும் கணக்கில் நான் மாசச் செலவுக்கு மேல் வைப்பதில்லை. சேமிப்பு வேறு கணக்கில், போனுக்கு எட்டாமல் இருக்கிறது.

பாஸ்வேர்டை எழுதி வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கம்ப்யூட்டரிலோ போனிலோ கூடாது, போட்டோ எடுத்தும் வைக்கக் கூடாது. என்னுடையது, பாங்க் பெயர் போடாமல், பழைய சமையல் குறிப்பு நோட்டில், ஆவக்காய் ஊறுகாய் அளவுகளுக்கு நடுவே இருக்கிறது. இவர் இரண்டு தடவை தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை.