ஒரே ஒரு நீண்ட இரவு

தங்கைக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்த அன்று மாலையே பெர்த்தில் விமானம் ஏறினேன். லண்டனுக்கு ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். எங்கும் இறங்காமல் பதினேழு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்.

முன்பு இது இவ்வளவு எளிதாக இல்லை. 1947 டிசம்பரில் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸின் முதல் 'கங்காரு வழி' விமானம் சிட்னியிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என இறங்கி ஏறிப் போய்ச் சேர நான்கு நாள் ஆனது. பயணிகள் 29 பேர். ஆஸ்திரேலியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு இடைநில்லாப் பயணிகள் சேவை வந்தது 2018 மார்ச்சில்தான், அதுவும் பெர்த்திலிருந்து.

திரும்பி வரும்போது அரை மணி நேரம் போலக் குறைகிறது. மேற்கிலிருந்து கிழக்கே பாயும் உயர்வானக் காற்று விமானத்தைப் பின்னாலிருந்து உந்திவிடுகிறது.

போகும்போதோ இருட்டு கூடவே வருகிறது. பூமி சுழலும் திசைக்கு எதிரே பறப்பதால் விடியல் தள்ளிக்கொண்டே போகிறது. லண்டனில் குளிர்காலம் என்பதால் கடிகாரத்தை எட்டு மணி நேரம் பின்னுக்கு வைத்தேன். லண்டனில் அப்போதுதான் விடியப்போகிறது.

அன்று காலையே குழந்தை என் மடியில். அந்த நான்கு நாள் பயணத்தை நினைத்துக்கொண்டேன். கடல்களைக் கடந்தும் ஒரே இரவில் உறவுகளைத் தொட்டுவிட முடிகிற காலத்தில் வாழ்கிறோம்.