கல்முனை வளவில் காகங்கள்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் பஸ் பயணம். களுவாஞ்சிக்குடியைத் தாண்டி, கைத்தறிக்குப் பெயர்போன மருதமுனையையும் பாண்டிருப்பையும் கடந்தால் கல்முனை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கல்முனைக் கரையும் அதற்குத் தப்பவில்லை.

நான் தங்கியது கோழி வளர்த்துப் பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு ராத்தாவின் வீட்டில். கரைவலை இழுக்கும் கடற்கரை பக்கத்தில் என்பதால் மீனுக்கும் குறைவில்லை, காகத்துக்கும் குறைவில்லை.

சகோதரிகளே, காகம் எல்லாப் பிராணிகளிடமும் ஒரே மாதிரி நடப்பதில்லை. மாட்டின் முதுகில் இருந்து உண்ணி பொறுக்கும். மாடும் அசையாமல் நிற்கும். பூனை மீன்தலையைத் தின்னும்போது ஒரு காகம் பின்னால் போய் வாலைக் கொத்தும். பூனை சீறித் திரும்பும் நேரத்தில் மற்றது மீனைத் தூக்கிவிடும். ஐரோப்பாவில் உள்ள மக்பை என்ற பறவையும் காகக் குடும்பந்தான். அதற்கும் பூனையைச் சீண்டும் இதே பழக்கம் உண்டு. இவ்வளவு கெட்டித்தனமுள்ள காகமே குயிலிடம் ஏமாந்து, அதன் குஞ்சுக்குத் தன் கூட்டில் இரை ஊட்டுகிறது.

கோழிக்குஞ்சைக் கண்டால் காகம் கள்ளன். ஒரு குஞ்சு போனால் ராத்தாவுக்கு நாளைய வருமானத்தில் ஒரு பங்கு போன மாதிரி. ஆனால் அன்று பகல் வானத்தில் பருந்து வட்டமிட்டதும் காகங்கள் ஒன்றுகூடிக் கத்தி, கடல் பக்கமாகத் துரத்திவிட்டன. அந்தச் சத்தம் கேட்டதுமே தாய்க்கோழி குஞ்சுகளைச் சிறகுக்குள் எடுத்துக்கொண்டது.

“களவெடுக்கிறதும் இதுதான் தங்கச்சி, காவல் நிற்கிறதும் இதுதான்” என்றார் ராத்தா.

பேரன் கல்லைத் தூக்கினான். அவர் தடுத்தார். “எறியாதீங்க மகன். ஆதம் நபிட மகனுக்கு மையித்தை அடக்கக் காட்டிக் கொடுத்தது காகம் எண்டு குர்ஆன்ல இருக்கு.” அதைச் சொன்னபின் அவர் நெடுநேரம் பேசவில்லை. 1990இல் காணாமற்போன அவரது கணவரின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

கல்லெறிவதால் பலனும் இல்லை. தம்மைப் பிடித்தவரின் முகத்தைக் காகங்கள் ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருப்பதை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முகமூடி அணிந்து நடந்து பார்த்து உறுதிசெய்தார்கள். அவர்கள் இந்த ஆய்வைத் தொடங்கியது 2006இல்.

ராத்தாவின் வழி இலகுவானது. சிறு குஞ்சுகளைத் தாயோடு கரப்பின் கீழ் மூடி வைக்கிறார். திறந்துவிடும்போது பழைய மீன்வலையைக் கம்புகளில் கட்டி, அதன் கீழே மேயவிடுகிறார். மீன் கழிவை வளவில் வீசாமல் தென்னையடியில் ஆழமாகப் புதைக்கிறார். காகம் கூடுவது குறைகிறது, தென்னைக்கும் பசளையாகிறது.

நான் புறப்பட்ட அன்று கரப்பின் கீழ் ஒன்பது குஞ்சுகள் இருந்தன. ஒன்றும் குறையவில்லை. கோழி வளர்க்கும் சகோதரிகள் இந்த முறையைச் செய்து பார்க்கலாம்.