பென்சில் எழுத்து

"மூளைய வச்சு என்னடி பண்ற?" என்று அம்மா கேட்டாள். மூணாறில், லயத்து வாசலில். தேயிலைக் கொழுந்துப் பை இன்னும் தோளைவிட்டு இறங்கவில்லை.

"சீவுறேம்மா."

"மனுச மூளையா?"

எலி மூளை என்றதும்தான் முகம் தெளிந்தது.

சென்னையில் ஒரு நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் நான் ரிசர்ச் அசிஸ்டென்ட். உத்தியோகப் பெயரைக் கேட்டால் நாளெல்லாம் யோசிக்கிற வேலை என்று தோன்றும். நான் யோசிப்பதெல்லாம் மூச்சை எப்போது விடலாம் என்பதைத்தான். கிரையோஸ்டாட் என்பது உள்ளே கத்தி வைத்த குளிர்ப்பெட்டி; மைனஸ் 20 டிகிரி. உறைந்த மூளையிலிருந்து 20 மைக்ரான் கனத்தில் சீவல் விழும். ஐம்பதை அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர். விழும்போதே சுருளப் பார்க்கும். தூரிகை நுனியால் ஓரத்தை அழுத்தி விரித்து, ஸ்லைடை அருகே கொண்டுபோனால் தானே தாவி ஒட்டிக்கொள்ளும். அதற்குள் மூச்சுப் பட்டால் போச்சு. ஓர் எலிக்கு அறுநூறு சீவலுக்கு மேல் வரும்.

முதல் மாதம் ஸ்லைடுகளில் பேனாவால் எண் எழுதினேன். ஆல்கஹாலில் முக்கியதும் மை கரைந்து, 48 ஸ்லைடுகள் அநாதையாயின. பென்சில்தான் அழியாது என்று பிறகு சொன்னவள் பக்கத்து மேசைக்காரி, பாலக்காடு கொழிஞ்சாம்பாறைப் பெண். (கேரளத்தில் எங்கள் இருவரையும் தமிழச்சி என்பார்கள், சென்னையில் மலையாளி.)

"சீவல் கிழிஞ்சா சம்பளத்துல கழிப்பாங்களா? எங்களுக்கு ஈரத்துக்குன்னு கிலோ கழிக்கிற மாதிரி?" என்றாள் அம்மா.

"கழிக்க மாட்டாங்க. திட்டுவாங்க."

2024 டிசம்பரில் சென்னை ஐஐடி 'தரணி' என்ற கருக்குழந்தை மூளை வரைபடத்தை வெளியிட்டது. ஐந்து மூளைகள், 5,132 சீவல்கள். செய்தியைப் படித்தவர்கள் மூளையை வியந்தார்கள். எனக்கோ, சீவியவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குக் கழுத்து வலி உண்டா என்றுதான் ஓடியது.

அம்மா கடைசியில் காரியத்துக்கு வந்தாள். "போனஸ் எவ்வளவு?"

"இல்ல."

"சங்கம்?"

"அதுவும் இல்ல."

2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு, பெம்பிளை ஒருமை என்று திரண்ட தேயிலைத் தோட்டப் பெண்களோடு மூணாறு ரோட்டில் ஒன்பது நாள் உட்கார்ந்தவள் அவள். அன்று தினக்கூலி 232 ரூபாய். போனஸுக்குச் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பையை இறக்கிவைத்தாள்.

என் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது.