பூச்சில்லாத விமானம்

போன மாதம் இந்தப் பக்கத்துக்கு நான் கட்டுரை எழுதித் தரவில்லை. ஆசிரியர் டெலிபோன் செய்து கேட்டபோது உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அவர் நல்ல மனிதர், நம்பினார், கஷாயத்துக்கு ஒரு பக்குவமும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். உண்மையில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் விமானம் ஒன்றை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்து நான்கு வயசில், நாலு பேர் நாவலாசிரியன் என்று மதிக்கிற ஒருவன் செய்கிற காரியமா இது என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டீகரில் மிக்-21 விமானங்களுக்கு விமானப் படை விடை கொடுத்தது. 1963-ல் அதே ஊரில்தான் அவற்றின் முதல் ஸ்குவாட்ரன் ஏற்பட்டது. அறுபத்திரண்டு வருஷ உத்தியோகம். மனிதர்கள்கூட அவ்வளவு காலம் பார்ப்பதில்லை. அந்த விழாவை டெலிவிஷனில் காட்டினார்கள். அப்பா நாற்காலியைப் பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்து வைத்துப் பார்த்தார். அவருக்கு இரண்டு கண்ணிலும் நடுப் பார்வை போய்விட்டது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம். எதையாவது பார்க்க வேண்டுமானால் அதை நேராகப் பார்க்கக் கூடாது. கோழி பார்ப்பதுபோல் பக்கவாட்டில்தான் பார்க்க வேண்டும். அப்பா 1966-ல் விமானப் படையில் சேர்ந்து 1981 வரை ஏர்பிரேம் பிட்டராக இருந்தவர். விமானத்தின் உடம்பு, இறக்கை, தகடு, ரிவெட் இவற்றைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு சேலையூரில் வீடு கட்டிக்கொண்டார். தாம்பரம் விமானத் தளம் பக்கத்தில் இருக்கிறது என்பது ஒன்றே காரணம் என்று அம்மா கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டாள்.

விழா முடிந்ததும் அப்பா சொன்னார்: "எல்லாத்துக்கும் சாம்பல் அடிச்சு வச்சிருக்கான். நான் பாத்த விமானம் இது இல்லே."

"உங்க காலத்திலே வெள்ளிப் பூச்சோ?"

"பூச்சே இல்லைடா. தகடு. வெறும் தகடு. சூரியன் மேலே பட்டா கண்ணைத் திறக்க முடியாது." சற்றுப் பொறுத்து, "அதை இன்னொரு தரம் பாக்கணும்" என்றார்.

பதினைந்து வருஷ உத்தியோகத்தைப் பற்றி என்னிடம் அவர் பதினைந்து வாக்கியம் பேசியதில்லை. நான் காலேஜ் படிப்பைப் பாதியில் விட்டபோதும், கதை எழுதப் போகிறேன் என்றபோதும்கூட ஒன்றும் சொல்லவில்லை. "சரி" என்றார். அந்தச் "சரி"க்கு என்ன அர்த்தம் என்று இருபது வருஷம் யோசித்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் ஒரு ஆசையை வாய்விட்டுச் சொல்கிறபோது பேசாமல் இருக்க முடியுமா? விசாரித்தேன். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் மிக்-21 மாதிரிகள் பெட்டியில் வருகின்றன என்று தெரிந்தது. ஒன்றைத் தருவித்தேன். உண்மை விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 7.15 மீட்டர்; இதில் பத்துச் சென்டிமீட்டர். ஒட்டுவதற்கு மூன்று நாள் ஆயிற்று. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, யாரும் ஒட்டலாம்.

வர்ணத்தில்தான் வந்தது வினை.

ஹார்ட்வேர் கடையில் வெள்ளிப் பெயிண்ட் ஒரு சின்ன டப்பா வாங்கி வந்து இரண்டு கை அடித்தேன். எனக்கு வெகு திருப்தி. அப்பாவின் கையில் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி, தலையைச் சாய்த்துப் பார்த்தார். "பீரோவுக்கு அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "ரேஷன் கடை ஷட்டர்" என்றும் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. வெள்ளிப் பெயிண்ட் என்பது என்ன? வார்னிஷில் மிதக்கிற அலுமினியச் செதில்கள். ஒவ்வொரு செதிலும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதற அடிக்கும். பீரோவில் அது தெரியாது. எழுபத்திரண்டு மடங்கு சுருங்கிய விமானத்தில் ஒவ்வொரு செதிலும் எழுபத்திரண்டு மடங்கு பெரிதாகத் தோன்றும். ஜிகினாப் பொடி தூவியதுபோல் இருக்கும். தகடு அப்படி இருப்பதில்லை. அது ஒரே பரப்பு, முகம் பார்க்கலாம்.

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பூராவும் உரித்தேன். பிறகு இந்தக் கலையில் ஊறியவர்கள் எழுதி வைத்திருப்பதைத் தேடிப் படித்தேன். உலகத்தில் இதற்கென்றே வாழ்கிற ஜனங்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. சிலர் சமையலறை அலுமினியத் தாளையே துண்டு துண்டாக வெட்டிப் பசை தடவி ஒட்டுகிறார்கள். சிலர் மெழுகுபோல் ஒன்றைத் தடவித் துணியால் தேய்க்கிறார்கள். பெரும்பாலோர் செய்வது, மாவுபோல் நுண்ணிய உலோகப் பொடி கலந்த லாக்கரை ஏர்பிரஷால் பனிபோல் தூவுவது. அதற்கு முன்னால் விமானம் முழுவதற்கும் பளபளக்கும் கறுப்பு அடிக்க வேண்டும்! கறுப்பின் மேல்தான் வெள்ளி மின்னும். நிலைக்கண்ணாடிக்குப் பின்புறம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கறுப்பு ஒரு கொடுமைக்கார வாத்தியார். சாதாரண வர்ணம் சின்னக் குறைகளை மூடிவிடும். இது ஒவ்வொன்றையும் காட்டிக்கொடுக்கும். ஒரு தலைமயிர் கனமுள்ள கீறல், கணக்குப் பார்த்தால், உண்மை விமானத்தில் அரைச் சென்டிமீட்டர் பள்ளம். அப்படிப்பட்ட விமானத்தில் யார் ஏறுவார்கள்? ஆகவே பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, அதைவிட நைஸான உப்புத்தாள் போட்டு, தண்ணீர் தொட்டு, கடைசியில் பழைய வேஷ்டித் துணியில் பற்பசை தொட்டுத் தேய்க்க வேண்டும். எழுத்து வேலைக்கும் இதற்கும் ஓர் உவமை சொல்லக் கை துறுதுறுக்கிறது. வேண்டாம், வாசகர்களே சொல்லிக்கொள்ளட்டும்.

தேய்த்து முடித்துவிட்டேன் என்று நினைத்தபோதெல்லாம் அப்பாவிடம் கொண்டுபோவேன். அவர் இப்போது பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் வயிற்றுப் பக்கம் தடவிக்கொண்டு போவார். ஓரிடத்தில் நிற்பார். "இங்கே." நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அங்கே ஒட்டுவாய் மயிரிழை தூக்கியிருக்கும். இப்படி ஆறு தடவை. ஏழாவது தடவை விரல் எங்கும் நிற்காமல் வால் வரைக்கும் போயிற்று. "சரி" என்றார். அந்தப் பழைய "சரி"தான். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது என்று எழுதினால் அது நாவல் பாஷை. ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

கறுப்பு அடித்து, இரண்டு நாள் காயவிட்டு, லாக்கரைத் தூவினேன். அடடா! கறுப்பின் மேல் உலோகம் உருவாகி வந்ததைப் பார்க்க வேண்டும்! கல்யாண வீட்டுக் குத்துவிளக்குபோல் ஜொலித்தது. ஓடிப்போய்க் காட்டினேன்.

"இது நகைக் கடைடா. விமானம் வெயில்லே, மழையிலே நிக்கும். அலுமினியக் குண்டான் எப்படி இருக்கும்? புதுசிலே ஒரு மாதிரி. நாலு வருஷம் புழங்கினப்புறம் ஒரு மாதிரி. அதுவும் ஒரே குண்டான் இல்லே. பத்து வீட்டுக் குண்டானைச் சேர்த்துத் தச்சது."

இதைவிட நன்றாக எந்தப் புஸ்தகமும் சொல்லவில்லை. விமானத்தின் உடம்பு பல தகடுகளால் ஆனது. சுத்தமான அலுமினியம் மெத்து, தாங்காது. 1906-ல் ஜெர்மனியில் ஆல்ஃப்ரெட் வில்ம் என்பவர் கொஞ்சம் செம்பு சேர்த்து, சுடவைத்துக் குளிரவைத்து, சில நாள் சும்மா வைத்தால் அது கெட்டிப்படுகிறது என்று கண்டுபிடித்தார். அதுதான் டூராலுமின். ஆனால் செம்பு சேர்ந்தால் எளிதில் அரிக்கும். அதற்காக அந்தத் தகட்டின் இரண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய தோலாகப் போர்த்துகிறார்கள். காற்றுப் பட்டதும் அந்தத் தோல் தானே ஒரு பூச்சை உண்டாக்கிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கிறது. பெயிண்ட் இல்லாமல் பறக்க முடிந்ததன் ரகசியம் இதுதான். பெரிய பயணி விமானத்தில் பெயிண்டின் கனமே சில நூறு கிலோ என்கிறார்கள். இரண்டாம் யுத்தத்தில் 1944 வாக்கில் அமெரிக்கர்கள், இனி ஒளிந்து பறக்க அவசியமில்லை என்று, வர்ணத்தை விட்டுவிட்டார்கள்.

தகடுக்குத் தகடு உலோகக் கலவை வேறு, உருட்டிய திசை வேறு. ஆகவே ஒன்று வெளுப்பாகவும் பக்கத்தில் இருப்பது சற்றே மங்கலாகவும் தெரியும். வால் முனையில், ஜெட் நெருப்புக் கக்குகிற வாயைச் சுற்றி, சூடு பட்டுப் பழுப்பும் நீலமும் ஓடியிருக்கும். மூக்கிலுள்ள கூம்பு மட்டும் உலோகமில்லை. அதற்குள்ளே ராடார் இருக்கிறது. உலோகமானால் அலை வெளியே போகாது.

எனவே மறுபடியும் மாஸ்கிங் டேப், மறுபடியும் லாக்கர். டேப்பை நேராக ஒட்டினால் உரிக்கும்போது கீழே உள்ள வெள்ளியும் கூடவே வந்துவிடும். முதலில் உள்ளங்கையில் இரண்டு தடவை ஒட்டி எடுத்து அதன் பசையைக் கொஞ்சம் சாக அடிக்க வேண்டும். இதை நான் ஓர் இறக்கையைப் பறிகொடுத்த பிறகு கற்றேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தார். "இந்தக் கதவை அடிக்கடி திறப்போம், அழுக்கு விரல் பட்டு மங்கியிருக்கும். இது புதுசா மாத்தின தகடு, வெளுப்பா விடு." ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முந்திய தகடுகள்! நேற்றுக் காலை என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் இறக்கையின் அடிப்பக்கம் செய்துகொண்டிருந்தபோது அவராகவே ஆரம்பித்தார்.

"வெறும் தகட்டிலே ஒரு சௌகரியம் உண்டு. ரிவெட் தளர்ந்து போச்சுன்னா அது உள்ளே ஆடும். உரசி உரசிக் கறுப்புப் பொடி வரும். காத்து அதைப் பின்னாலே இழுத்துக் கோடு போடும். புகை விடற மாதிரி இருக்கும். விரிசல் வந்தாலும் தெரியும். காலையிலே டார்ச் அடிச்சுச் சுத்தி வந்தா, விமானமே சொல்லிடும், எனக்கு இங்கே வலிக்குதுன்னு."

நான் கையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார் என்று பயம்.

"எழுபத்தொண்ணுலே சண்டை வரப்போகுதுன்னு எல்லாத்துக்கும் பச்சை அடிக்கச் சொல்லிட்டாங்க. மேலேருந்து பாத்தா மின்னுதில்லே? ராத்திரியோட ராத்திரியா பிரஷ் வச்சு அடிச்சோம். பச்சை, பழுப்பு. சாணி மெழுகற மாதிரி. நாலு வருஷம் நான் துடைச்ச தகடு. அதுவும் சரி, சண்டைக்கு வேணும். ஜெயிச்சோம். எல்லாம் திரும்பி வந்துது. அப்புறம் சில மாசம் கழிச்சு, சாதாரணப் பயிற்சிக்குப் போனது, ஒண்ணு வரலே. பையனுக்கு இருபத்தாறு வயசு. ஏறும்போது எங்கிட்டே தமிழ்லே வணக்கம் சொல்லுவான். வடக்கத்திப் பையன், நான்தான் கத்துக்கொடுத்தேன்."

அன்று காலை அந்த விமானத்தைச் சுற்றிப் பார்த்துப் புஸ்தகத்தில் கையெழுத்துப் போட்டவர் அப்பா. விசாரணை நடந்தது. கோளாறு இஞ்ஜினில் என்று முடிவாயிற்று. அவர் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

"எழுதிக் கொடுத்தாங்க. ஆனா பச்சைக்குக் கீழே என்ன இருந்துதுன்னு நான் பாக்கலியே. கறுப்புக் கோடு ஒண்ணு இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். நான் என்னவோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளை, ஒன்றும் தோன்றவில்லை. எத்தனையோ கதாபாத்திரங்களுக்கு எத்தனையோ ஆறுதல் வசனம் எழுதியிருக்கிறேன். அன்று ஏர்பிரஷைக் கழுவி வைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் காபி போட்டு எடுத்து வந்தேன்.

அதற்கடுத்த வாரம் மூவண்ண வட்டங்களைத் தண்ணீரில் நனைத்து ஒட்டினேன். மேலே மங்கல் வார்னிஷ் அடிக்கக் கூடாது, அடித்தால் இத்தனை பாடும் மறுபடியும் பீரோவாகிவிடும் என்று தெரிந்திருந்ததால் அப்படியே விட்டேன். காலை ஒன்பது மணி வெயிலில், வாசல் திண்ணையில், ஒரு பலகைமேல் வைத்து அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் தலையை இடது பக்கம் சாய்த்துப் பார்த்தார். வலது பக்கம் சாய்த்துப் பார்த்தார். வெயில் தகட்டில் பட்டு அவர் கன்னத்தில் ஒரு சின்ன வெளிச்சமாக ஆடியது. வெகு நேரம் அப்படியே இருந்தார்.

பிறகு, "இடது இறக்கை, அடிப்பக்கம், சக்கரக் கதவுக்குப் பின்னாலே ரெண்டாவது ரிவெட். அதுக்குப் பின்னாலே ஒரு கறுப்புக் கோடு போடு" என்றார்.

உள்ளே போய்ப் பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து, அவர் சொன்ன இடத்தில் ஒரு கோடு இழுத்தேன். கடுகளவு கோடு. அவர் வாங்கி, நகத்தால் தடவிப் பார்த்தார். பென்சில் கோடு விரலுக்கு எப்படித் தட்டுப்படும்? கண்ணுக்கும் தெரிய நியாயமில்லை.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் அப்பா."

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"அப்ப இது இன்னிக்குப் பறக்காது" என்று சொல்லிவிட்டு, விமானத்தைப் பலகைமேல் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே சாப்பிடப் போனார்.