மாறாத முகவரி

எழுத்தைக் காப்பது ஒரு பணி; காத்த எழுத்தை வேண்டியபொழுது எடுத்துக் காட்ட வழி செய்வது மற்றொரு பணி. முன்னதை உணர்ந்த அளவுக்குப் பின்னதைத் தமிழர் உணர்ந்தாரல்லர்.

திருக்குறளை எண்ணிப் பார்ப்போம். ஈப்போவில் ஓர் ஆசிரியர் 391ஆம் குறள் என்றால், யாழ்ப்பாணத்து மாணவரும் கல்வி அதிகாரத்தின் முதற் குறளையே எடுப்பார். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், குறளெண் மாறுவதில்லை. இவ்வொருமை தானே அமைந்ததன்று. மணக்குடவர் கொண்ட வரிசை வேறு, பரிமேலழகர் கொண்ட வரிசை வேறு. பின்னவர் வரிசையைப் பதிப்பாளர் பெரும்பாலும் ஏற்றுப் போற்றியதனாலேயே 1330 குறள்களுக்கும் எண் நிலைத்தது.

இன்று கட்டுரைகளும் கடிதங்களும் இணையச் சேமிப்பகங்களில் குவிகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. வந்த வரிசையை மட்டும் கொண்டு அம்முகவரியை அமைத்தால், இடையில் ஒன்றை நீக்கி அடுக்கை ஒழுங்கு செய்யும்போது பின்னுள்ளவை யாவும் எண் மாறும். 120ஆம் கடிதத்தைத் தேடியவருக்கு முன்பு 121ஆக இருந்த கடிதம் கிட்டும். முகவரி அழிவதினும் இது தீது. அழிந்த முகவரி இல்லை என்று உண்மை கூறும். இடம் மாறிய முகவரியோ பொய் கூறும். ஆகவே, ஓர் எழுத்துக்கு ஒருமுறை இட்ட அடையாளம் அதற்கே உரியதாதல் வேண்டும். அவ்வெழுத்தை நீக்கினாலும் அவ்வெண்ணை வேறொன்றுக்கு இடலாகாது.

வையவிரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, நல்ல முகவரிகள் மாறா என்பதை 1998இல் வலியுறுத்தி எழுதினார். அதே ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டம், தான் வெளியிடும் ஒவ்வொரு மின்னூலுக்கும் ஓர் எண் இட்டது. திருக்குறள் அதன் முதல் எண். எழுத்துக் குறியாக்கம் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாறிய பின்னரும் அவ்வெண் மாறவில்லை.

நிலையான முகவரியின் அருமை பேராக் தமிழர்க்குப் புதிதன்று. இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது, லயங்களில் வாழ்ந்தோர் ஊர் ஊராகப் பிரிந்தனர். தோட்டத்து முகவரிக்கு வந்த கடிதத்தைப் பெற ஆளில்லாது போயிற்று. ஆயினும், இடம்பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரில் ‘லாடாங்’ என்னும் சொல்லும் பழைய தோட்டப் பெயரும் நின்றன. மரமும் லயமும் மறைந்த பின்னரும், அப்பெயரைப் பற்றிக்கொண்டு ஒருவர் தம் பாட்டனார் பால்மரம் சீவிய இடத்தைத் தேடிச் செல்ல இயலும்.

சான்று காட்டவியலாத வரலாறு செவிவழிச் செய்தியாகத் தேயும். மலேசியத் தமிழரின் எழுத்துகளைச் சேமிப்போர், இடம் மாற்ற நேரினும் பழைய முகவரியைத் தட்டியவரைப் புதிய இடத்திற்கு அழைத்துச் செல்லும் ஏற்பாட்டைச் செய்தல் கடன். மேற்கோள் காட்டும் மாணவரும் முகவரியோடு ஆசிரியர் பெயர், தலைப்பு, நாள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். ஒரு வழி அடைபட்டாலும் மறுவழி திறந்திருக்கும். முகவரி என்பது பின்வருவோர்க்கு முன்னோர் தரும் வாக்கு. வாக்குப் பிறழாமை தமிழர்க்கு அழகு.