மழை வந்தால் வலிக்கும் காது

மும்பையில் மழை தொடங்கி இரண்டு வாரம். எட்டு வயதுச் சிறுமி செல்லமாகக் காதைத் தடவ, காக்கர் ஸ்பேனியல் உறுமிக்கொண்டு அவள் கையைக் கவ்வப் பாய்ந்தது. "இனி இதை வீட்டில் வைக்க முடியாது" என்றார் பாட்டி. யாருக்காவது கொடுத்துவிடுவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

குற்றவாளி நாயல்ல, அதன் காது. தொங்கும் மடல் மூடிபோல அடைத்துக்கொள்ள, முடியடர்ந்த உட்புறத்தில் ஈரமும் வெப்பமும் சேர்ந்து பூஞ்சை கொழிக்கிறது. பழுப்பு அழுக்கு, புளித்த வாடை, வலி.

வீட்டார் சும்மா இருக்கவில்லை. பஞ்சு சுற்றிய குச்சியால் குடைந்தார்கள்; நாயின் காதுக்குழாய் 'எல்' எழுத்துபோல் வளைந்தது, குச்சி அழுக்கை உள்ளேதான் தள்ளும். போன வருடம் மிஞ்சிய சொட்டு மருந்தையும் விட்டார்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் செவிடாக்கிவிடும். அந்த மருந்து மிஞ்சியதே, வாடை போனதும் பாதியில் நிறுத்தியதால்தான்!

கால்நடை மருத்துவர் காதுக்குள் பார்த்தார், அழுக்கை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பிறகுதான் மருந்து எழுதினார். "பாதத்தை நக்குகிறதா?" என்றும் கேட்டார். ஓயாமல் நக்குகிறது. அப்படியானால் அலர்ஜியாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் காதை மட்டும் கழுவினால் திரும்பத் திரும்ப வரும்.

இப்போது குளிப்பாட்டியதும் சிறுமிதான் மடலைத் தூக்கி ஈரம் ஒற்றுகிறாள். பாட்டி மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறார்.