ஸ்கேனர் சொன்ன மைனஸ் நாற்பது

ஜமுனாமரத்தூரில் ஒரு லோடு வண்டி படுத்துக்கொண்டால், அதற்கான சாமான் போளூரிலிருந்தோ வேலூரிலிருந்தோ மலையேறி வர வேண்டும். வந்தது வேறு மாடலாக இருந்துவிட்டால் இன்னொரு நாள் போச்சு. கீழே டவுனில் சந்தேகப்பட்டதைக் கழற்றிவிட்டுப் புதுசை மாட்டிப் பார்க்கிறார்கள். இங்கே மாட்டிப் பார்க்கச் சாமான் இல்லாததால், முதலில் யோசிக்கிறார்கள். ஜவ்வாது மலை மெக்கானிக்கின் கைப்பக்குவத்துக்கு இந்தத் தூரம்தான் காரணம் என்பது என் கட்சி.

நான் போயிருந்தபோது ஷெட்டில் நின்றது சாமையும் புளியும் ஏற்றிப் போகும் வண்டி. ஓட்டுகிற பையன் அடுக்கினான்: "காலையில சீக்கிரம் ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குதுணா. ஃபேன் நிக்காம ஓடுது. செக் லைட் வேற." கீழே ஒரு இடத்தில் காட்டியிருக்கிறான். டெம்ப்ரேச்சர் சென்சார் போய்விட்டது என்று புதுசு மாட்டிக் காசும் வாங்கிவிட்டார்கள். மலையேறி முடிப்பதற்குள் லைட் மறுபடி எரிந்துவிட்டது.

மெக்கானிக் ஸ்கேனரைச் செருகி, சாவி போடச் சொன்னார். கூலன்ட் வெப்பம்: மைனஸ் 40. "மார்கழியில கூட நம்ம மலையில இவ்ளோ குளிராது சார்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "இது குளிரு இல்ல. லைன் கட்டு."

சென்சாருக்குள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் சிறு பொருள். 1833-லேயே சில்வர் சல்பைடில் இந்தக் குணத்தை மைக்கேல் ஃபாரடே கவனித்து எழுதியிருக்கிறார். வண்டிகளில் பொதுவாக 20 டிகிரியில் இரண்டாயிரம் ஓம்ஸுக்கு மேல் இருக்கும் தடை, 80 டிகிரியில் முந்நூறு சொச்சத்துக்கு இறங்கிவிடும். இன்ஜினை நிர்வகிக்கும் கம்ப்யூட்டரான இசிஎம் 5 வோல்ட் கொடுத்து, இந்தத் தடையை வைத்துத்தான் இன்ஜின் சூட்டைக் கணக்கிடுகிறது. ஒயர் அறுந்தால் தடைக்கு எல்லையே இல்லை. கடுங்குளிர் என்று இசிஎம் ஏமாறும். கோளாறு என்று புரிந்துகொண்டால், எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனை ஓடவிடும். பழைய டீசல் வண்டியில் இந்தச் சாமான் டேஷ்போர்டு முள்ளை அசைத்ததோடு சரி. இப்போது எவ்வளவு டீசல் தெளிப்பது என்பதிலும் இதன் பேச்சு எடுபடுகிறது.

அவர் சென்சாரைத் தொடவேயில்லை. சென்சாரில் செருகியிருந்த ஒயர்க் கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தார். ஒயரிங் சரியாக இருந்தால் எண் நூறைத் தாண்டிக் குதிக்க வேண்டும். மைனஸ் 40 அசையவில்லை. அப்படியானால் கோளாறு கப்ளருக்கும் இசிஎம்முக்கும் நடுவில். ஒயர்க் கட்டைக் கையால் ஒவ்வொரு சாணாக அசைத்துக்கொண்டே போனார். ஒரு பிராக்கெட் அருகே விரல் பட்டதும் எண் 130-க்குப் பாய்ந்து, கையை எடுத்ததும் விழுந்தது. டேப்பை உரித்தால், உரசி உரசித் தோல் தேய்ந்த ஒயர்; உள்ளே தாமிரம் பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது.

பச்சை தீர்ந்து பளபளப்பான தாமிரம் தெரியும்வரை வெட்டினார். சால்டர் வைத்து, சுருங்கும் ஸ்லீவ் போட்டு, பிராக்கெட்டில் படாமல் கட்டினார். முறுக்கி டேப் சுற்றினாலும் வண்டி ஓடும்தான். ஆனால் இந்த வளைவுகளிலும் குலுக்கலிலும் அது எத்தனை நாள் தாங்கும்?

பையனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. கீழே கழற்றிக் கொடுத்த பழைய சென்சாரை எடுத்து நீட்டினான். டீக்கடையிலிருந்து கொதிக்கிற வெந்நீர் வந்தது. மல்டிமீட்டர் முனைகளைப் பிடித்தபடி சென்சாரின் மூக்கை மட்டும் அதில் முக்கினார். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நின்ற எண் கடகடவென இறங்கி இருநூறு பக்கம் வந்து நின்றது. பக்கத்துக் காவலூர் வானோக்கு நிலையமே கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் தண்ணீர் நூறுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்னாலேயே கொதித்துவிடும். சென்சாருக்கான தடை அட்டவணையின் நூறு டிகிரிக் கணக்கோடு அச்சாகப் பொருந்தாவிட்டாலும் சென்சார் உயிரோடு இருக்கிறது என்று தெரிய இது போதும்.

கீழே மாட்டியவர்கள் கூலன்ட் சிந்தியதற்கு வெறும் தண்ணீர் ஊற்றி, காற்றையும் எடுக்காமல் விட்டிருந்தார்கள். சென்சார் மூக்கில் காற்றுக் குமிழ் நின்றால் எண் பொய் சொல்லும். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்துதான் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். பிறகு கூலன்ட் கலந்து ஊற்றிக் காற்றை வெளியேற்றினார். அன்றைக்கு வண்டியை விடவில்லை. மறுநாள் விடியலில், ஸ்டார்ட் செய்யுமுன் ஸ்கேனரைப் பார்த்தார். இன்ஜினுக்குள் போகும் காற்று 18, கூலன்ட் 18. இரவெல்லாம் ஆறிய வண்டியில் இரண்டும் ஒட்டித்தான் இருக்க வேண்டும்.

கூலி சொன்னதும் பையன் தலையைச் சொறிந்தான். "சாமான் ஒண்ணும் மாத்தலையேணா?" தேவையில்லாத சென்சாருக்குக் கீழே மறுபேச்சில்லாமல் காசு கொடுத்தவன்தான். மெக்கானிக் கோபப்படவில்லை. ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டு, "அந்தப் பழைய சென்சார தூக்கிப் போட்டுடாத, வண்டியிலயே வெச்சிரு" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.